தலைக்கு எவ்வளவு செலவு? சிறு நாடுகளின் பட்டியலை வைத்துச் சந்தை தேடிய ஒரு மாவுக் கடையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு மாவு மில்லாகத் தொடங்கி, இப்போது தீவின் வடக்கே ஓர் உணவுத் தொழிற்கூடத்தில் இயங்கும் குடும்பத் தொழில் இது. இட்லி மாவு, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மசாலாத் தூள், ஊறுகாய் ஆகியவை தயாராகின்றன. முடிவெடுப்பவர்கள் மூன்று பேர்: அறுபதைத் தாண்டிய முதலாளி, விற்பனையைப் பார்க்கும் மகன், சரக்கையும் வண்டிகளையும் கையில் வைத்திருக்கும் மருமகள். நான் அவர்களுக்கு ஆண்டுக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். அவர்களுடைய ஒப்புதலோடு, அடையாளங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் பொருள் சேவை வரி 9 விழுக்காடானது. அதற்கு முந்தின ஜனவரியில்தான் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகியிருந்தது. வாடகை, மின்கட்டணம், வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை எல்லாம் சேர்ந்து அழுத்தின. வார இறுதியில் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போய் மாதச் சாமானை மொத்தமாக வாங்கி வரும் வாடிக்கையாளர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூர் விற்பனை இனி வளராது என்று மகன் நினைத்ததில் நியாயம் இருந்தது.

அவர் கொண்டுவந்த திட்டம் இதுதான். வங்கிக் கடனில் புதிய பொட்டல இயந்திர வரிசை ஒன்றை வாங்குவது. பொடி, மசாலா, ஊறுகாயைச் சிறிய பணக்கார நாடுகளுக்கு அனுப்புவது. ஏன் சிறிய நாடு? பெரிய நாட்டில் பெரிய நிறுவனங்களோடு மோதவேண்டும், ஊருக்கு ஊர் முகவர் வேண்டும். சிறிய நாட்டில் ஒரே ஒரு நல்ல முகவர் கிடைத்தால் போதும். இந்த வாதம் எனக்கும் சரியாகவே பட்டது.

எந்த நாடு என்று தேர்ந்தெடுத்த விதத்தில்தான் சிக்கல். உலக வங்கி வெளியிடும், குடும்பங்களின் இறுதி நுகர்வுச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று காட்டும் வரிசையை எடுத்து, மக்கள்தொகை குறைந்த நாடுகளை மட்டும் பிரித்து அடுக்கியிருந்தார். லக்சம்பர்க், ஐஸ்லாந்து மேலே, மால்ட்டா நடுவில், புருணை அதற்கும் கீழே, மொரிஷியஸ் அடியில். தலைச் செலவை மக்கள்தொகையால் பெருக்கி, அதில் உணவுக்கு இத்தனை விழுக்காடு, அதில் இந்திய உணவுக்கு இத்தனை, அதில் நமக்கு இத்தனை என்று பெருக்கல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி வரியில் நின்ற தொகை கண்ணைப் பறித்தது.

“ஆளுக்கு இவ்வளவு செலவழிக்கிற ஊர்ல நம்ம பொடி நூறு கிராம் விக்காதா தம்பி?” என்று முதலாளி என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் மருமகள் சொன்னார்: “மாமா, அந்தப் பணத்துல பாதி வீட்டு வாடகைக்கே போயிரும். பொடிக்கு எங்க வரும்?”

கடன் மனுவோடு சந்தை அளவு பற்றிய தாள் ஒன்றையும் வங்கி கேட்டிருந்தது. அந்தத் தாளைச் சரிபார்த்துத் தரும் வேலை எனக்கு வந்தது.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது

தெரியாத நாட்டின் எண்ணைச் சரிபார்க்கும் முன், தெரிந்த நாட்டின் எண்ணைப் பார்த்துவிடுவது என்று முதலில் சிங்கப்பூரை எடுத்துக்கொண்டேன்.

இங்கே குடும்பச் செலவைச் சொல்லும் கணக்கு இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று புள்ளிவிவரத் துறை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் குடும்பச் செலவு ஆய்வு. 2017/18 ஆய்வின்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 4,906 வெள்ளி. ஒரு வீட்டில் சராசரியாக மூன்று பேருக்குச் சற்று மேல் என்று வைத்தால், தலைக்கு மாதம் ஏறக்குறைய 1,500 வெள்ளி. இன்னொன்று தேசியக் கணக்கு. அதே காலத்தில் தலைக்குரிய மொத்த உள்நாட்டு உற்பத்தி ஆண்டுக்கு 90,000 வெள்ளியை ஒட்டி இருந்தது. அதில் குடும்பங்களின் நுகர்வு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அப்படியானால் தலைக்கு மாதம் 2,500 வெள்ளிக்குக் குறையாது. ஒரே நாடு, ஒரே காலம். ஆனால் ஆயிரம் வெள்ளி வித்தியாசம்.

இந்த ஆயிரம் எங்கே போனது என்று அன்று மாலை மூவருக்கும் விளக்க நேர்ந்தது. பெரிய பங்கு வீட்டு வாடகைதான், அதுவும் யாரும் யாருக்கும் கொடுக்காத வாடகை. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாக வைத்து அந்தத் தொகையைத் தேசியக் கணக்கில் நுகர்வாக ஏற்றுகிறார்கள். நாடுகளை ஒப்பிடும்போது வாடகைக்கு இருப்போர் அதிகமுள்ள நாடும் சொந்த வீட்டார் அதிகமுள்ள நாடும் சமமாக நிற்கவேண்டும் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு இது; அதில் தப்பில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிக் குடும்பங்களில் 87.9 விழுக்காடு சொந்த வீட்டில் இருக்கின்றன. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீட்டின் வாடகை மதிப்பு ஏறினால், அந்த வீட்டில் ஒரு பைசா கூடுதலாகச் செலவழிக்காமலே நாட்டின் நுகர்வு ஏறிவிடும். மேலே சொன்ன 4,906 வெள்ளியில் இந்தக் கற்பித வாடகை சேரவில்லை.

அடுத்து வங்கி, காப்புறுதி நிறுவனங்களின் சேவைக்கு உரியதாக மதிப்பிட்டு ஏற்றும் தொகை. அதற்கு அடுத்து, வீட்டு நோட்டில் மக்கள் குறைத்து எழுதும் மது, சிகரெட் போன்றவை. குடும்பங்களுக்குச் சேவை செய்யும் லாபநோக்கற்ற அமைப்புகளின் செலவையும் உலக வங்கியின் வரிசை இதனோடு சேர்த்தே காட்டுகிறது. இவற்றில் எதிலும் இட்லிப் பொடி இல்லை.

வாடகை மட்டுமே பாதி இல்லாவிட்டாலும், அந்தப் பணத்தில் பெரும்பகுதி பொடிக்கு வராது என்று மருமகள் சொன்னது கணக்கிலும் ஒத்துவந்தது. முதலாளிக்கு மட்டும் ஆறவில்லை. “குடியிருக்கிற சொந்த வீட்டுக்கு வாடகை போட்டு அதையும் செலவுங்கிறாங்களா? நான் எந்தக் காலத்துல கொடுத்தேன்?” என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பதற்குப் பயன்படும் மக்கள்தொகையிலும் ஒரு விவகாரம் உண்டு. 2024 ஜூனில் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 6.04 மில்லியன். அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 4.18 மில்லியன், மற்ற 1.86 மில்லியன் பேர் வெளிநாட்டவர். குடும்பச் செலவு ஆய்வு சிங்கப்பூர்வாசிக் குடும்பங்களை மட்டும் கேட்கிறது. உலக வங்கி வரிசையோ மொத்த மக்கள்தொகையால் வகுக்கிறது. தங்குவிடுதியில் இருந்துகொண்டு சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பும் தொழிலாளியும் அந்த வகுத்தலில் ஒரு தலை. கூட்டுரிமை வீட்டில் குடியிருக்கும் நிறுவன அதிகாரியும் ஒரு தலை. இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் ஆள் இந்தத் தீவில் எங்கும் இல்லை.

பற்று நோட்டில் கண்டது

அடுத்த கட்டமாக, மகனின் பெருக்கல் சூத்திரத்தை அவர்களுடைய சொந்த விற்பனையின் மேலேயே ஓட்டிப் பார்த்தோம். சூத்திரம் சரியென்றால், விற்பனை எங்கே அதிகம் என்று தெரிந்த ஊரில் அது சரியாகச் சொல்லவேண்டும். இந்த யோசனை மருமகளுடையது. அவரிடம்தான் கடைவாரியான பற்று நோட்டு இருந்தது.

வாங்குபவர்களை மூன்றாகப் பிரித்தோம்: குடியிருப்புப் பேட்டைகளின் மினிமார்ட்டுகள், உணவகங்களும் கேட்டரிங்காரர்களும், லிட்டில் இந்தியாவில் இன்னும் வைத்திருக்கும் பழைய கடை.

மாவு பேட்டைக் கடைகளில் போனது. அது எதிர்பார்த்ததுதான். வியாழன், வெள்ளியில் ஏற்றம், திங்களில் சரிவு. குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு வந்த மாதங்களில் சின்னதாக ஒரு குதிப்பு. மசாலாத் தூள் பெரும்பாலும் ஐந்து கிலோப் பையாக உணவகங்களுக்குப் போனது. இங்கே ஒரு குடும்பம் உணவுக்குச் செலவழிக்கும் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியில் சாப்பிடுவதற்கே போகிறது என்று அதே குடும்பச் செலவு ஆய்வு சொல்கிறது. அந்தக் குடும்பம் மசாலாப் பொட்டலம் வாங்குவதில்லை. காப்பிக் கடையில் மீன் தலைக் குழம்பு வாங்குகிறது. பொட்டலத்தை வாங்குவது குழம்பு வைப்பவர். செலவு குடும்பத்தின் கணக்கில் பதிவாகிறது, நமக்கு ஆர்டர் கொடுப்பவரோ வேறு ஒருவர்.

எல்லாரையும் நிறுத்தி யோசிக்கவைத்தது பொடியும் ஊறுகாயும்தான். இவை இரண்டும் பேட்டைகளில் சுமாராகவே போயின. லிட்டில் இந்தியா கடையில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும், மற்ற ஆறு நாள் விற்பனையையும் மிஞ்சியது. அதுவும் நூறு கிராம் பொட்டலம். கால் கிலோப் பொட்டலம் தட்டில் அப்படியே இருந்தது.

வாங்கியவர்கள் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தம்பிகள். தங்குவிடுதிக்குக் கேட்டரிங் சாப்பாடு வந்துவிடும். அதில் உப்பும் உறைப்பும் போதாது. நூறு கிராம் பொடியும் ஒரு சின்ன ஊறுகாய் பாட்டிலும் இருந்தால் வாரம் ஓடிவிடும். பெரிய பொட்டலத்தைத் திறந்து வைக்கப் பகிர்ந்துகொள்ளும் அறையில் இடம் இல்லை, எறும்பு வரும், பக்கத்துக் கட்டில்காரர்களும் கை வைப்பார்கள். கடையில் நின்று இதைக் கேட்டு எழுதி வந்தவர் மருமகள்.

குடும்பச் செலவு ஆய்வில் இடமே இல்லாதவர்கள், தலைக்கணக்கில் சராசரியைக் கீழே இழுப்பவர்கள், இந்தத் தொழிலில் லாபம் அதிகமுள்ள இரண்டு பொருளையும் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மகனின் சூத்திரம் சிங்கப்பூருக்கே ஓட்டியிருந்தால், வசதியான பேட்டைகளில் ஊறுகாய் அடுக்கச் சொல்லியிருக்கும்.

நாடு நாடாக

இதற்குப் பிறகு பட்டியலை மறுபடி எடுத்தோம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே மாதிரி கேள்விகள்: செலவழிப்பது யார், எந்த ஊரில், எதன் மேல்?

ஐஸ்லாந்தை முதலாளியே அடித்துவிட்டார். நாடு முழுக்க 400,000 பேர் இல்லை, இந்தியர்கள் மிகச் சிலர். அங்கே விலைவாசி ஐரோப்பாவிலேயே உச்சத்தில் இருக்கும் இடங்களில் ஒன்று. தலைச் செலவின் உயரத்தில் ஒரு பகுதி அந்த விலைதான். வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்தால் உயரம் நன்றாகக் குறையும்.

லக்சம்பர்க்கின் மேல் மகனுக்குப் பிரியம் அதிகம்; கல்லூரி நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். அதனால் அதற்கு அதிக நேரம் கொடுத்தோம். அங்கு வேலை செய்வோரில் ஏறக்குறைய பாதிப் பேர் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து நாள்தோறும் எல்லை தாண்டி வந்து போகிறவர்கள். அவர்கள் உண்டாக்கும் வருமானம் நாட்டின் உற்பத்தியில் ஏறும், அவர்கள் தலை மக்கள்தொகையில் ஏறாது. தலைக்குரிய உற்பத்தி வானத்தில் நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். குடும்ப நுகர்வில் இந்த வீக்கம் அவ்வளவு இல்லை. வெளியூர்க்காரர் வாங்கிப்போகும் பெட்ரோலையும் சிகரெட்டையும் தேசியக் கணக்கு கழித்துவிடுகிறது. ஆனால் இதன் மறுபக்கம் நமக்கு முக்கியம். லக்சம்பர்க்வாசி எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் திரியர் நகரில் வாங்கும் சாமானும் லக்சம்பர்க்கின் நுகர்வாகவே பதிவாகிறது, நம் பேட்டைக்காரர் ஜோகூரில் வாங்கும் சாமான் சிங்கப்பூர் நுகர்வாகப் பதிவாவது போல. சிறிய நாட்டில் எல்லை எப்போதும் பக்கத்தில் இருப்பதால் இந்தக் கசிவைச் சில்லறை என்று ஒதுக்க முடியாது.

அங்குள்ள இந்தியர்கள் சில ஆயிரம் பேர். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்கத் தடை இல்லாததால், இந்தியச் சாமான் ஜெர்மனி, நெதர்லாந்து மொத்த வணிகர்களிடமிருந்து தாராளமாக வரும். இதற்கு மேல் மசாலாவுக்குப் பரிசோதனைக் கெடுபிடி. 2024 ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பே இந்தியாவிலிருந்து வந்த ஒரு மசாலாவை எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநாசினி வாயு காரணமாகத் திரும்பப் பெறச் சொல்லியிருந்தது. ஐரோப்பியர்கள் இந்த விஷயத்தில் இன்னும் கடுமை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சான்று என்றால் சின்ன ஆர்டரில் கட்டுப்படியாகாது.

மால்ட்டாவுக்கு ஆண்டுக்கு 3 மில்லியனுக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், நாட்டில் இருப்பவர்களோ 600,000க்கும் குறைவு. உணவகத்தில் நடக்கும் வியாபாரத்தில் எவ்வளவு குடும்பங்களுடையது என்று பிரித்தெடுக்க எங்களிடம் வழியில்லை, விட்டுவிட்டோம்.

மொரிஷியஸ் மட்டும் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, பண நோட்டில் தமிழ் எழுத்து. முதலாளி இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே மசாலா அரைப்பவர்கள் இருக்கிறார்கள், நாட்டுச் சுவை வேறு, தூரமும் அதிகம். பாசத்துக்காகச் சரக்கு அனுப்ப முடியாது.

புருணை பட்டியலில் கீழே இருந்ததற்குக் காரணம் ஏழ்மை அல்ல. பள்ளியும் மருத்துவமும் அரசாங்கமே கொடுக்கிறது, எரிபொருளுக்கு மானியம் உண்டு, தனிநபர் வருமான வரி கிடையாது. அரசாங்கம் குடும்பத்துக்காகச் செய்யும் செலவு குடும்பத்தின் செலவாகப் பதிவாகாது. அதைச் சேர்த்துச் சொல்ல வேறொரு அளவு இருக்கிறது, மகன் எடுத்த வரிசை அது இல்லை. அங்கே விற்பனை வரியும் இல்லை. 1967 முதல் புருணை வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. நாணய மாற்றில் நட்டம் வராது. இந்தியா, பங்ளாதேஷிலிருந்து வந்த தொழிலாளர்களும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களும் இருந்தன. பற்று நோட்டில் கண்ட அதே இரண்டு வகை வாடிக்கையாளர்கள்.

எடுத்த முடிவு

பெரிய இயந்திரத்துக்கான கடன் மனு நிறுத்திவைக்கப்பட்டது. புருணைக்கு மட்டும் உலர் சரக்கு சோதனையாகப் போகும். ஏற்கெனவே முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) கொடுத்த ஹலால் சான்றிதழ் இருந்ததால் அந்த வேலை மிச்சம். கைமாறி வந்த ஒரு சின்ன இயந்திரம், நூறு கிராம் பொட்டலம் மட்டும் போடுவது, ரொக்கத்தில் வாங்கப்பட்டது. உள்ளூரில் துவாஸ், கிராஞ்சி பக்கத்துத் தங்குவிடுதிகளை ஒட்டிய மினிமார்ட்டுகளுக்கு ஒரு வண்டி ஒதுக்கப்பட்டது.

மகன் இதை மனதார ஏற்கவில்லை. “பட்டியல்ல கீழ இருக்கிற நாட்டை எடுத்துட்டு மேல இருக்கிறதை விடுறோம்னு வங்கியில எப்படிண்ணே சொல்றது?” என்று என்னிடம் கேட்டார். கடனே கேட்கப் போவதில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை என்றேன். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ஆட்சேபத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தோம்.

புருணையில் நடந்தது

2025 தொடக்கத்தில் முதல் சரக்கு போனது. முகவர், தலைநகரில் உணவகமும் மொத்தக் கடையும் வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் ஒருவர். அவர் வழியாக ஐந்து கிலோ மசாலா உணவகங்களுக்கும், நூறு கிராம் பொடியும் ஊறுகாயும் தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டிய கடைகளுக்கும் போயின. மகனின் விருப்பப்படி ஒரு சூப்பர்மார்க்கெட்டிலும் கால் கிலோப் பொட்டலம் அடுக்கினோம். ஒரே சரக்கு, இரண்டு பாதை. எது நகர்கிறது என்று பார்க்க வசதி.

இட்லி மாவையும் ஒருமுறை விமானத்தில் அனுப்பிப் பார்த்தார்கள். பறக்கும் நேரம் இரண்டு மணிதான். ஆனால் தொழிற்கூடத்திலிருந்து கிளம்பி அந்தப் பக்கக் குளிர்பெட்டியில் ஏறும்வரை போன நேரத்தில் மாவு தன் வேலையைக் காட்டிவிட்டது. பொட்டலங்கள் தலையணை போல உப்பி, சிலது தையலில் பிரிந்து, அட்டைப்பெட்டி முழுக்கப் புளித்த வாசனை. முகவர் அனுப்பிய படத்தைப் பார்த்து முதலாளி சிரித்தார். மாவு அத்தோடு நின்றது.

சூப்பர்மார்க்கெட் தட்டு அசையவில்லை. முதலாளி தொலைபேசியில் கேட்டார்: “பாய், குடும்பங்க வர்ற கடைதானே, ஏன் நகர மாட்டேங்குது?”

“சனிக்கிழமை காலையில சுங்கை துஜோ சோதனைச்சாவடிப் பக்கம் வந்து பாருங்கண்ணே. காரெல்லாம் எல்லை தாண்டி மீரிக்குத்தான் நிக்குது. மலேசியாப் பொடி அங்க பாதி விலை. திரும்பி வரும்போது டிக்கியில அதுதான் இருக்கும்.”

முதலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜோகூர் போகும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் சனிக்கிழமை வரிசை அவருக்குத் தெரியும். அந்தப் பொட்டலங்களை விலை குறைத்துத் தள்ளிவிட்டு, அந்தப் பாதையை மூடினார்கள்.

உணவக மசாலா மெதுவாக, ஆனால் விடாமல் போனது. நூறு கிராம் பொட்டலம் மாதத்தின் முதல் பத்து நாளில் விறுவிறுப்பாகவும் பிறகு மந்தமாகவும் போனது. சம்பளம் வந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் வாங்குபவர்களின் தாளம் அது. முகவர் இதைக் கவனித்து, மாத இறுதியில் ஆர்டர் வைப்பதை நிறுத்தி, மாதத் தொடக்கத்துக்கு முன் சரக்கு வந்து சேரும்படி மாற்றிக்கொண்டார்.

2025 முடிவில் புருணை விற்பனை மகனின் தாளில் இருந்த தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சரக்குக் கட்டணம், முகவர் பங்கு போக லாபம் நின்றது, அவ்வளவுதான். தங்குவிடுதி வட்டாரத்துக்கு ஓடிய வண்டி அதைவிட அதிகமாகச் சம்பாதித்தது. வெளிநாட்டுச் சந்தை தேடிக் கிளம்பிய வேலை, துவாஸில் போய் நின்றதை மருமகள் சொல்லிக் காட்டுவதில்லை. வண்டி அட்டவணையை மட்டும் இரண்டு நாளிலிருந்து நான்கு நாளாக மாற்றிவிட்டார்.

மறுமுறை மாறுபவை

இதே போன்ற கேள்வி இன்னொரு வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், தலைக்குரிய மொத்தச் செலவுப் பட்டியலில் தொடங்க விடமாட்டேன். பொருள்வாரியான குடும்பச் செலவு ஆய்வை முதலில் எடுப்பேன். அதில் உணவு எவ்வளவு, வீட்டில் சமைப்பது எவ்வளவு, வெளியில் உண்பது எவ்வளவு என்று பிரிந்திருக்கும். கற்பித வாடகை சேர்ந்திருக்கிறதா என்பதும் எழுதியிருக்கும். எடுத்தவுடன் பார்க்க வேண்டிய பக்கம், யாரைக் கேட்கவில்லை என்று சொல்லும் பக்கம். இந்தத் தொழிலின் வாடிக்கையாளர்கள் அங்கேதான் இருந்தார்கள். எல்லாத் தொழிலுக்கும் அப்படி இருக்காது. பாலர் பள்ளிக்குப் பொருள் விற்பவருக்குச் சிங்கப்பூர்வாசிக் குடும்ப ஆய்வே போதும்.

நாடுகளை ஒப்பிடும்போது உற்பத்திக்கும் நுகர்வுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் தனியாக எழுதிவைக்கச் சொல்வேன். ஹாங்காங்கில் உற்பத்தியின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குடும்ப நுகர்வு. சிங்கப்பூரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. ஹாங்காங்காரர் இரண்டு மடங்கு ஊதாரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. இங்கே 55 வயது வரையுள்ள ஊழியருக்கு மத்திய சேம நிதிக்கு முதலாளியும் தொழிலாளியுமாகச் சேர்ந்து சம்பளத்தில் 37 விழுக்காடு போகிறது. உற்பத்தியில் பெரிய பங்கு வெளிநாட்டு நிறுவனங்களின் லாபம். “பணக்கார நாடு” என்று ஒரே சொல்லில் முடித்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

புருணையில் சூப்பர்மார்க்கெட் தட்டுக்குப் பணம் போடும் முன் முகவரிடம் மீரியின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கியிருக்கலாம் என்பது மருமகளின் கருத்து. மகன் இதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் லக்சம்பர்க்கை நியாயமாகச் சோதிக்கவே இல்லை என்பதிலும் அவர் உறுதியாக இருக்கிறார், அதிலும் உண்மை இருக்கிறது. அங்கே ஒரு பொட்டலம்கூடப் போகவில்லை. இப்போதைக்கு ஒத்துக்கொண்டது இவ்வளவு: ஜெர்மனியிலுள்ள மொத்த வணிகர் ஒருவர் எழுத்தில் ஆர்டர் கொடுத்து, ஆய்வகச் செலவில் பாதியை ஏற்றால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம். 2026 இறுதிக்குள் ஜோகூர் பாருவுக்கு விரைவு ரயில் இணைப்பு ஓடத் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். பேட்டைக் கடைகளின் மாவு விற்பனையை அது எவ்வளவு அரிக்கும் என்று பார்த்த பிறகே தொழிற்கூட வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது என்று முதலாளி சொல்லிவிட்டார்.